காப்பித் துருநோயை ஆராய்ந்த பேராசிரியர்

இலங்கை என்றதும் தேயிலையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அத்தீவின் மலைச்சரிவுகளை மூடியிருந்தது காப்பிச் செடியேயாகும். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஏழைத் தொழிலாளர்கள் அம்மலைகளில் முதலில் பறித்தது காப்பிப் பழத்தைத்தான். 1869ஆம் ஆண்டில் அச்செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. இலைகள் உதிர்ந்தன, விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குன்றியது. இத்துருநோயை ஆராய 1880இல் அரசு வரவழைத்த இளைஞரே ஹாரி மார்ஷல் வார்ட் என்பவராவார்.

1854இல் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்த அன்னார், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1879இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவர். தோட்ட முதலாளிகள் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவரோ முதலில் நோயின் வரலாற்றை அறிய முற்பட்டார். பிசுபிசுப்பான பூச்சுத் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, நோயின் வித்துகள் காற்றில் பரவுவதை மெய்ப்பித்தார். இலையில் ஈரம் இருந்தாலன்றி அவ்வித்து முளைக்காது என்பதையும், முளைத்தபின் இலையின் நுண்துளைகள் வழியே அது உள்ளே நுழைகிறது என்பதையும் கண்டறிந்தார். உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை மேலே தூவும் மருந்து தீண்டாது. ஆகவே நுழையுமுன் காப்பதே வழி என்பது அவர் முடிவு. மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வாசல் திறந்தது என்றும் உணர்த்தினார். முதலீடு முழுவதையும் அப்பயிரில் போட்டவர்களுக்கு இது இனிக்குமா? எனினும் இல்லாத மருந்தை இருப்பதாகக் கூறி அவர்களை மகிழ்விக்க அவர் முனையவில்லை. அன்னாரின் பெருமையை நாம் இங்கேதான் காண்கிறோம்.

1882இல் அவர் நாடு திரும்பினார். காப்பி அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அவர் வெறுங்கையுடன் திரும்பியதாகத் தோட்டக்காரர்கள் எண்ணியிருக்கலாம். அறிவுலகம் அவ்வாறு எண்ணவில்லை. மான்செஸ்டரில் சில காலம் பணியாற்றிய அவர், 1885இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியராகி, இந்தியக் காடுகளில் பணியாற்றவிருந்த மாணவர்களுக்குத் தாவரவியல் போதித்தார். 1888இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டில் லில்லி மலர்ச்செடியின் நோய் குறித்த அவரது ஆய்வும் வெளிவந்தது. பூஞ்சை தன் உடலிலிருந்து சுரக்கும் நொதியால் செடியின் செல்சுவரைக் கரைத்து உள்ளே புகுகிறது என்பதை அதில் விளக்கினார். (திபெத், பர்மா மலைகளில் செடிகளைத் தேடிப் புகழ்பெற்ற பிராங்க் கிங்டன் வார்ட் இவருடைய மகனேயாவார்.)

1895இல், தாம் கற்ற கேம்பிரிட்ஜிலேயே தாவரவியல் பேராசிரியர் பதவியை ஏற்றார். அவர் காலத்தில் எழுந்த புதிய தாவரவியல் கட்டடம் 1904இல் திறக்கப்பட்டது. அங்கும் துருநோயை அவர் விட்டுவிடவில்லை. இம்முறை புல்லினங்களைத் தாக்கும் துருவை ஆராய்ந்தார். அப்பணியில் இருக்கும்போதே உடல்நலம் குன்றி, 1906 ஆகஸ்டில், தமது 52ஆம் வயதில் டார்க்கி நகரில் காலமானார்.