செத்ததா, உயிரோடு இருக்கிறதா?

அது காய்ந்த தூசி. கூரையில் மழைத் தண்ணீர் ஓடும் ஈயப் பள்ளத்தில் வண்டலாகப் படிந்து, வெயிலில் காய்ந்து பொடியாகிவிட்ட தூசி.

அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டார், ஒரு கிழவர். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பூதக் கண்ணாடியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

தூசிக்குள் சின்னஞ்சிறு உருண்டைகள் சுருண்டு கிடந்தன. அசைவே இல்லை. சற்று நேரம் சென்றது. உருண்டைகள் மெல்ல நீண்டன. அரைமணி நேரத்தில், ஏறக்குறைய நூறு பூச்சிகள் தண்ணீரில் நீந்தித் திரிந்தன!

இது நடந்தது, 1702-ம் ஆண்டில். ஊர், ஹாலந்து நாட்டில் உள்ள டெல்ப்ட். கிழவரின் பெயர், அந்தோணி வான் லீவன்ஹூக். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய எழுபது.

செத்தது எங்கேயாவது பிழைக்குமா? பிழைத்துவிட்டது என்றால், அது செத்துத்தான் கிடந்ததா? உயிர் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

பெரிய பெரிய பண்டிதர்களைத் திணற அடித்த இந்தக் கேள்வியைக் கிளப்பியவர், கல்லூரியில் படித்தவர் அல்ல. அவர் ஒரு ஜவுளிக் கடைக்காரர்.

கூடை முடைபவர் மகன்

லீவன்ஹூக், 1632-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி டெல்ப்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் கூடை முடைந்து பிழைத்தவர். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனார்.

பதினாறு வயதில் பையனை ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு துணிக் கடையில் கணக்கு எழுதி, தொழில் பழகினார். 1654-ம் ஆண்டில் ஊர் திரும்பி, பார்பரா என்ற பெண்ணை மணந்துகொண்டு, சொந்தமாக ஜவுளிக் கடை வைத்தார்.

பிறந்த குழந்தைகள் ஐந்து. அதில் நான்கைப் பறிகொடுத்தார். மரியா என்ற ஒரு பெண் மட்டுமே பிழைத்தாள். 1666-ம் ஆண்டில் மனைவியும் கண்ணை மூடினாள்.

நகரசபை மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. மாலை நேரமும் இரவும் அவருடையவை.

துணி வியாபாரிகள் நூலின் நெருக்கத்தை எண்ணிப் பார்க்கப் பூதக் கண்ணாடி வைத்திருப்பார்கள். லீவன்ஹூக்கின் கைக்கும் அது அப்படித்தான் வந்திருக்க வேண்டும். பிறகு, தாமே கண்ணாடி செய்யத் தொடங்கினார். கடுகுபோல் ஒரு சிறு கண்ணாடி மணி. அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு உலோகத் தகடுகள். பார்க்கவேண்டிய பொருளைக் குத்திவைக்க ஓர் ஊசி. அதை நகர்த்த ஒரு திருகாணி. கருவி அவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், பொருளை 270 மடங்குவரை பெரிதாகக் காட்டியது!

மிளகுத் தண்ணீர்

1674-ம் ஆண்டில், ஊருக்கு அருகே இருந்த ஏரியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்தார். கருவியில் வைத்துப் பார்த்தார். பச்சையாக, வெள்ளையாக எத்தனையோ சிறு உருவங்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

1676-ம் ஆண்டில் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நாக்கைக் குத்தும் முள் ஏதாவது அதில் இருக்குமோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சில வாரம் கழித்துப் பார்த்தார். முள்ளைக் காணோம். ஏரித் தண்ணீரில் கண்டவற்றைவிடப் பல மடங்கு சிறிய உருவங்கள் கூட்டம் கூட்டமாக நெளிந்தன. இன்று பாக்டீரியா என்று சொல்கிறோமே, அவற்றை மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

தண்ணீரில் தூசியும் மிதக்கும்; தூசியும் நகரும். இவற்றுக்கு உயிர் உண்டு என்று எப்படித் துணிவது? லீவன்ஹூக் பொறுமையாகக் கவனித்தார். தூசி, தண்ணீர் இழுத்த பக்கம் போகிறது. இவையோ நிற்கின்றன, திரும்புகின்றன, எதிர்ப்பக்கம் ஓடுகின்றன. தண்ணீரில் கொஞ்சம் காடி விட்டுப் பார்த்தார். ஓட்டம் நின்றுவிட்டது. தூசியைக் கொல்ல முடியாது. சாகிறது என்றால், அதற்கு முன்னே உயிர் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

யாரும் நம்பவில்லை

கண்டதை எல்லாம் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். அவரை அந்தச் சங்கத்துக்கு 1673-ம் ஆண்டிலேயே அறிமுகம் செய்துவைத்தவர், உள்ளூர் வைத்தியர் டி கிராப். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் லத்தீன் மொழியில்தான் எழுதுவார்கள். லீவன்ஹூக்குக்கு டச்சு மொழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்த மொழியில், பேசுவதுபோல் எழுதினார். சங்கத்தில் அதை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

ஒரு துளித் தண்ணீரில் எண்ணி முடியாத உயிர்களா? சங்கத்தார் நம்பத் தயங்கினார்கள். துணி வியாபாரி கனவு கண்டு எழுதுகிறாரோ என்று நினைக்க இடம் இருந்தது.

லீவன்ஹூக் சளைக்கவில்லை. ஊரிலுள்ள போதகர்களையும் மற்றப் பெரிய மனிதர்களையும் வீட்டுக்கு அழைத்துக் கருவியைக் காட்டினார். கண்ணால் பார்த்த எட்டுப் பேரிடம் சாட்சிப் பத்திரம் வாங்கி, 1677-ம் ஆண்டில் லண்டனுக்கு அனுப்பிவைத்தார்.

லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி மிளகை ஊறவைத்துச் சோதித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கருவியைத் திருத்தி மறுபடியும் பார்த்தார். நவம்பர் 15-ந் தேதி, சங்கத்து அங்கத்தினர்கள் கூடியிருந்த இடத்தில் அந்த உயிர்கள் நெளிந்தன. ஜவுளிக் கடைக்காரர் சொன்னது நிஜம்!

1680-ம் ஆண்டில் அவரையே சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் போகவில்லை. டெல்ப்ட் நகரிலேயே இருந்துகொண்டு, பார்ப்பதும் எழுதுவதுமாகக் காலம் கழித்தார்.

ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1698-ம் ஆண்டில் டெல்ப்ட் வந்தபோது அவரை வரவழைத்தார். விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் கருவி வழியாகக் காட்டி, சக்கரவர்த்தியைப் பிரமிக்கவைத்தார் லீவன்ஹூக்.

பல் அழுக்கு

தம் பல்லிடுக்கில் இருந்த அழுக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பவர் அவர். அப்படியும் அதில் உயிர்கள் நடமாடின! பல்லே விளக்காத ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து, அவர் வாய் அழுக்கையும் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

ஒன்று சொல்லவேண்டும். இத்தனை சிறு உயிர்களைக் கண்டவர், அவற்றில் சில மனிதனைக் கொல்லும் என்று அறியவில்லை. நோய்க்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பை உலகம் தெரிந்துகொள்ள இன்னும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின.

அவருடைய காலத்தில், தெள்ளுப்பூச்சி மண்ணிலிருந்தும் புழுதியிலிருந்தும் தானாகப் பிறக்கிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். தானியத்தில் வண்டு தானாக உண்டாகிறது என்றார்கள். லீவன்ஹூக் தெள்ளுப்பூச்சிகளை வளர்த்தார். முட்டை, புழு, கூடு, பூச்சி என்று ஒவ்வொரு நிலையையும் பார்த்து எழுதினார். வண்டுக்கும் அப்படியே. தாய் இல்லாமல் பிள்ளை இல்லை என்பது அவர் கட்சி.

தலையில் சக்கரம்

இப்போது கூரைத் தூசிக்கு வருவோம்.

அதில் இருந்த பூச்சிக்குத் தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும். உண்மையில் அவை சக்கரங்கள் அல்ல. வரிசையாக அசையும் மயிரிழைகள். தண்ணீர் வற்றினால் இது உருண்டையாகச் சுருண்டுவிடும். உண்பது இல்லை, அசைவது இல்லை. பல மாதம் உலர்த்தி வைத்திருந்த தூசியிலும் தண்ணீர் பட்டதும் எழுந்து நீந்தியது.

செத்துப் பிழைத்தது என்று லீவன்ஹூக் சொல்லவில்லை. தோல் கெட்டியாக மூடிக்கொள்வதால் உள்ளே ஈரம் மிஞ்சியிருக்கிறது, உயிரும் தங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு தப்பு. உடம்பில் உள்ள தண்ணீர் அநேகமாக முழுவதும் போய்விடுகிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1860-ம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் இதற்கென்றே ஒரு கமிட்டி அமைத்தார்கள். நன்றாக உலர்த்தி, கொதிநிலைச் சூட்டில் அரைமணி நேரம் வைத்த பிறகும், இத்தகைய பூச்சிகளில் சில எழுந்தன! உயிரோடு இருப்பதும் அல்லாமல், சாவதும் அல்லாமல், நடுவே நின்றுவிடும் இந்த நிலைக்கு, மறைந்திருக்கும் உயிர் என்று பொருள்படும் பெயரை 1959-ம் ஆண்டில் டேவிட் கீலின் என்ற விஞ்ஞானி வைத்தார்.

கடைசிக் கடிதம்

தொண்ணூறு வயதிலும் லீவன்ஹூக் ஓயவில்லை. மார்புக்குக் கீழே ஏதோ துடித்தது. மூச்சு முட்டியது. இதயத் துடிப்பு என்றார் வைத்தியர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைதான் துடிக்கிறது என்று, ஆட்டுத் தசையையும் மாட்டுத் தசையையும் வாங்கி ஆராய்ந்தார். படுக்கையில் கிடந்தபடியே அதையும் லண்டனுக்கு எழுதவைத்தார். அபூர்வமான அந்த வியாதிக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

1723-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி உயிர் பிரிந்தது. கூட இருந்து பணிவிடை செய்தவள் மகள் மரியா.

செய்த கருவிகள் ஐந்நூறுக்கு மேல் என்பார்கள். ஆனால், மிக நல்ல கண்ணாடியைச் செய்யும் ரகசியத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இது அவரிடம் இருந்த பெரிய குறை. அவரோடு அந்த வித்தையும் போய்விட்டது. ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளிக் கருவிகளும் பிற்பாடு தொலைந்துபோயின.

கடிதங்களோடு அவர் ஒட்டி அனுப்பிய சிறு பொட்டலங்கள் மட்டும் பத்திரமாகக் கிடந்தன. 1981-ம் ஆண்டில் பிரையன் போர்டு என்ற ஆராய்ச்சியாளர் அவற்றைத் தேடி எடுத்தார். அவர் கையால் சீவிய தக்கைத் துண்டுகள் உள்ளே இருந்தன.

சக்கரத் தலைப் பூச்சியின் கதை 2021-ம் ஆண்டிலும் செய்தியாக வந்தது. சைபீரியாவில் உறைந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், ரஷ்ய விஞ்ஞானிகள். அது ஏறக்குறைய 24 ஆயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண். பனி உருகியது. உள்ளே இருந்த பூச்சி நீண்டது, நீந்தியது, இனமும் பெருக்கியது.