தக்காளி வயலில் பறிபோன உயிர்... இத்தாலியின் சட்டத்தை மாற்றிய ஜெர்ரி மாஸ்லோ யார்?

இத்தாலி ஒரு காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களின் நாடு. 1876-ல் இருந்து 100 ஆண்டுகளில் சுமார் 2.6 கோடி பேர் பிழைப்பு தேடி அமெரிக்கா, அர்ஜென்டினா, ஜெர்மனி என்று போனார்கள். 1970-களில் காற்று திசை மாறியது. வெளிநாட்டினர் இத்தாலிக்கு வேலை தேடி வர ஆரம்பித்தார்கள். ஆனா, அவர்களுக்கான சட்டம் தயாராக இல்லை. அதில் சிக்கிக்கொண்டவர்தான் ஜெர்ரி எசான் மாஸ்லோ.

அடைக்கலம் ஏன் கிடைக்கவில்லை?

தென்னாப்பிரிக்காவில் 1959-ல் பிறந்தவர் மாஸ்லோ. கறுப்பினத்தவர். நிறவெறி ஆட்சியிடம் இருந்து தப்பி, 1988 மார்ச்சில் ரோம் விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டார். கிடைக்கவில்லை.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இத்தாலியும் கையெழுத்து போட்டிருந்தது. ஆனா ஒரு நிபந்தனை: ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களை மட்டுமே அகதியாக ஏற்போம். கம்யூனிஸ்ட் நாடுகளில் இருந்து தப்பியவருக்குக் கதவு திறந்தது. நிறவெறியிடம் இருந்து தப்பியவருக்கு மூடியது. காரணம், அவர் வந்த கண்டம்!

அந்த இரவு

கையில் ஆவணம் இல்லை என்றால் முறையான வேலையும் இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள வில்லா லிட்டெர்னோவுக்கு தக்காளி பறிக்கப் போனார் மாஸ்லோ. பெட்டிக் கணக்கில் கூலி, கொட்டகையில் தூக்கம். 1989 ஆகஸ்ட் 24 இரவு, கூலிப் பணத்தைப் பறிக்க ஆயுதங்களோடு ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. எதிர்த்த மாஸ்லோ சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 29.

என்ன மாறியது?

உயிரோடு இருந்தபோது அகதி என்று ஏற்காத அரசு, இறந்த பிறகு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. செப்டம்பரில் வில்லா லிட்டெர்னோவின் புலம்பெயர் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபர் 7-ல் ரோம் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் துணைப் பிரதமர் கிளாடியோ மார்டெல்லி அவசரச் சட்டம் கொண்டுவந்தார். 1990 பிப்ரவரியில் அது நிரந்தரச் சட்டமானது. 'ஐரோப்பியர் மட்டும்' நிபந்தனை போனது. ஆவணம் இல்லாமல் இருந்த 2 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு தங்கும் உரிமை கிடைத்தது.

அதேசமயம், ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்ற வரம்பும், நாடு கடத்தும் விதிகளும் அதே சட்டத்தில் இருந்தன. 2002-ல் வந்த சட்டம் இன்னும் இறுக்கியது: வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் வேலைக்கு வந்தவர் தங்கலாம்.

வயல்களில் நடக்கும் உழைப்புச் சுரண்டலைத் தடுக்க, 2016-ல் மறுபடியும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. மாஸ்லோ இறந்து 27 ஆண்டுகள் ஆன பிறகு!