ஜிம்மி ராட்ஜர்ஸ்

அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்து மெரிடியன் நகரை ஊராகக் கொண்ட ஜிம்மி ராட்ஜர்ஸ் 1897-இல் பிறந்தார். தந்தையாரைப் போலவே இருப்புப்பாதை வேலையிற் புகுந்து, புகைவண்டிகளில் பிரேக்மேனாக உழைத்தார். 1924-இல் க்ஷயரோகம் பற்றியது; நாளடைவில் அவ்வேலையும் கைவிட்டுப் போயிற்று. எஞ்சியது பாட்டொன்றே.

1927 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனியார் அவர் குரலை முதன்முதல் இசைத்தட்டிற் பதித்தனர். அவ்வாண்டு நவம்பரிற் பதித்த ‘புளூ யோடல்’ அவரை நாடறியச் செய்தது. குரலை உடைத்து மேலெழுப்பும் அவ்வோசையை நோயுற்ற நுரையீரல் எங்ஙனம் தாங்கிற்றோ! தம்மைத் தின்னும் நோயையே பொருளாக்கி 1931-இல் ஒரு பாட்டும் பதித்தார்.

1933 மே மாதம் நியூயார்க்கிற் பாடியபொழுது, பாட்டுக்குப் பாட்டு கட்டிலிற் படுத்து இளைப்பாற வேண்டியிருந்தது. ஆயினும் 12 பாட்டுக்களை முடித்தார். மே 24-இல் கடைசிப் பதிவு. 26-இல், 35 வயதில், அந்நகரத்து விடுதியொன்றில் உயிர் நீத்தார். அவருடலை மெரிடியனுக்குச் சுமந்து சென்றது புகைவண்டியே.