பத்து வெள்ளியில் எழுந்த உரிமை
துன் வீ. தி. சம்பந்தனாரின் வாழ்க்கைச் சுவடுகள்

தோட்டத்துக் கோயில் திருவிழா என்பது நம் முன்னோர் குருதியையும் வியர்வையையும் சிந்திக் கட்டிக் காத்த செல்வம். காடழித்துப் பால்மரம் நட்ட கைகளே, மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை வரியாக ஒதுக்கி, மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பின. ஆனால் அக்கோயில் நின்ற மண் மட்டும் அவர்களுக்குரியதன்று. தோட்டம் கைமாறினால், லயத்து வீட்டோடு கோயிலும் பிறர் கைக்குப் போய்விடும். இந்த உண்மையைப் பாட்டாளிகளிடம் எடுத்துரைத்து, அதற்கொரு வழியும் காட்டிய பெருமகனார் துன் வீ. தி. சம்பந்தன் ஆவார்.

கோலா கங்சார் மாணவர்

மலாயாவில் ரப்பர் வேரூன்றிய தொடக்க இடங்களுள் ஒன்று பேராக்கின் அரச நகரான கோலா கங்சார். 1877ஆம் ஆண்டில் இங்கு நடப்பட்ட கன்றுகளில் ஒன்று, பின்னாளில் முதுமரமாகி நகரின் சிறப்பாயிற்று. அம்மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தார் சம்பந்தன். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து உழைப்பால் உயர்ந்து ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். கோலா கங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் பயின்ற மைந்தர், உயர்கல்விக்காகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இந்திய விடுதலைப் போரின் வேகமும் காந்தியடிகளின் நெறியும் இளைஞர் உள்ளங்களை ஆட்கொண்டிருந்த காலம் அது. போர் முடிந்து 1946இல் தாயகம் திரும்பியபோது அவர் உள்ளத்தில் பொதுத்தொண்டு வேர்விட்டிருந்தது.

சுங்கை சிப்புட்டில் அவர் நிறுவிய தமிழ்ப்பள்ளிக்கு மகாத்மா காந்தியின் பெயரையே சூட்டினார். 1954இல் திருமதி விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார்.

மேடையும் மக்களும்

1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைமைப் பொறுப்பு சம்பந்தனாரை வந்தடைந்தது. அதுவரை அக்கட்சி பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களின் அவையாகவே விளங்கிற்று. அதனைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றவர் இவரே. பால்வெட்டும் தொழிலாளியையும் களையெடுக்கும் பெண்டிரையும் உறுப்பினராக்க முனைந்தார். தமிழுக்கும் கலைக்கும் திருக்கோயில் வழிபாட்டிற்கும் கட்சிப் பணியில் இடமளித்தார். பாட்டாளி தன் மொழியில் தன் நிலையைக் கேட்டபோதுதான் அக்கட்சி தனதென்று உணரலானான்.

அவ்வாண்டே அமைச்சரான அவர் தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி முதலிய துறைகளை வெவ்வேறு காலங்களில் வகித்தார். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். ஆயினும் பதவியின் உயரம் அவரைத் தோட்டத்து மண்சாலையிலிருந்து பிரித்துவிடவில்லை.

துண்டாடலும் தீர்வும்

விடுதலை நெருங்கிய வேளையில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். இத்துண்டாடலால் ஒரே நாளில் வேலையும் வீடும் இழந்து வீதிக்கு வந்த குடும்பங்கள் பல. பள்ளியும் கோயிலும் கேட்பாரற்றுப் போயின.

அரசு உதவும், முதலாளி இரங்குவார் என்று ஆறுதல் மொழி கூறுவது எந்தத் தலைவருக்கும் எளிது. சம்பந்தனாரோ தொழிலாளியிடமே கை நீட்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலி சில வெள்ளிகளே பெற்றவர்களுக்குப் பத்து வெள்ளி பெருந்தொகை. முன்பு பணம் வாங்கி ஏமாற்றிச் சென்றவர்களையும் அவர்கள் கண்டிருந்தனர். நம்பிக்கை சொல்லால் மட்டும் பிறவாது என்றறிந்த சம்பந்தனார், துணைவியார் தோ புவான் உமாசுந்தரியுடன் தோட்டந்தோறும் நேரில் சென்றார். சங்கப் பணியில் தோள்கொடுத்த கே. ஆர். சோமசுந்தரமும் அவ்வாறே ஊர் ஊராய் அலைந்தார்.

அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் நின்று, கூலியாய் இருந்தது போதும், உரிமையாளராகுங்கள் என்று வேண்டியபோது, தொழிலாளர் தம்மையே புதிதாய்க் கண்டனர். அவர்களது ஏழ்மையைச் சுட்டிக் கண்ணீர் வரவழைக்காமல், அவர்களது ஆற்றலைச் சுட்டி நிமிர வைத்தார். அவர் பேச்சின் வலிமை இதுவே. தோட்ட முதலாளியின் மகனாய்ப் பிறந்தவர், தொழிலாளியை முதலாளியாக்க அலைந்தது நம் வரலாற்றின் அரிய காட்சி.

துளித்துளியாய்ச் சேர்ந்த பணத்தால் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. பல்லாயிரம் தொழிலாளர் பங்குதாரராயினர்.

மறையாத சுவடு

எல்லாத் தோட்டங்களையும் காக்க இம்முயற்சியால் இயலவில்லை. சங்கத்தின் கைக்கு எட்டாமல் துண்டாகிச் சிதறியவை ஏராளம். கட்சியிலும் எதிர்ப்பலை எழுந்தது. 1973இல் தலைமைப் பொறுப்பைத் தான் ஸ்ரீ மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்து விலகினார். பதவி போனபின்னும் கூட்டுறவுப் பணியை அவர் கைவிடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலையும், சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தனும் அன்னாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆலய நிர்வாகம், பள்ளி வாரியம், தொழிற்களம் என எங்கெங்கோ இன்று நம்மவர் தலைமை ஏற்று மேடையேறுகின்றனர். கேட்பவரின் கைதட்டலோடு பேச்சு முடிந்துவிடுகிறதா, அவர்தம் கையில் ஒரு பொறுப்பை வைத்துவிட்டுப் போகிறதா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தேர் தானாக நகர்வதில்லை. வடம் பிடிக்கும் ஒவ்வொரு கையும் தேர் தனதென்று எண்ணும்போதே அது நிலை சேர்கிறது. அந்த எண்ணத்தை ஏழைத் தொழிலாளியின் நெஞ்சில் ஊன்றியதே சம்பந்தனாரின் தலைமை.