துப்பாக்கியின் உதையையே வேலை வாங்கியவர்: மணியாச்சி முதல் நெய்வேலி வரை ஜான் பிரவுனிங்கின் கதை

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கொடைக்கானலுக்குப் போகும் வழியில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். பெட்டிக்குள் ஏறிய செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றார். சில நிமிடங்களில் அதே நிலையத்தில் வாஞ்சியின் உயிரும் போனது.

ஆஷையும் தெரியும், வாஞ்சியையும் தெரியும். அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது. வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான ‘பிரவுனிங்’ தானியங்கிக் கைத்துப்பாக்கி.

அந்தப் பெயர் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நெய்வேலியின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் காவல் காப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. இப்படிப்பட்ட மத்தியப் படைகளிலும், ராணுவத்திலும், போலீஸிலும் நெடுங்காலமாகப் புழங்கும் 9 மி.மீ. பிஸ்டலின் மூல வடிவமைப்பும் அவருடையதுதான்.

யார் இந்த பிரவுனிங்?

பழைய இரும்புக்கு நடுவே வளர்ந்த பையன்

ஜான் மோசஸ் பிரவுனிங் 1855 ஜனவரி 23-ல் அமெரிக்காவின் யூட்டா மாகாணப் பகுதியில் உள்ள ஆக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜோனத்தன், துப்பாக்கி செய்வதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள் என்று பெரிய குடும்பம்.

பட்டறைதான் ஜானுக்குப் பள்ளிக்கூடம். பத்து வயது வாக்கிலேயே, தூக்கிப் போட்ட பழைய பாகங்களை வைத்து ஒரு துப்பாக்கியைச் செய்து, தம்பியோடு வேட்டைக்குப் போனதாகக் குடும்பத்தார் சொல்வதுண்டு. கல்லூரிப் படிப்பு கிடையாது. தோட்டா எங்கே சிக்குகிறது, ஸ்பிரிங் ஏன் உடைகிறது என்பதெல்லாம் ரிப்பேருக்கு வந்த துப்பாக்கிகளிலேயே அவர் கற்றுக்கொண்ட பாடம்.

1879-ல், அப்பா இறந்த அதே ஆண்டில், ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. தம்பிகளோடு சேர்ந்து அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். அதில் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கையில் சிக்கியது. 1883-ல் அதன் அதிகாரி ஒருவர் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார். அடுத்த 19 ஆண்டுகளில் 40-க்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை வின்செஸ்டர் அவரிடம் வாங்கியது. பலவற்றை அது தயாரிக்கவே இல்லை. போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்றே வாங்கிப் பூட்டி வைத்தது.

நாணல் சாய்ந்த நேரம்

1889-ல் ஆக்டன் அருகே ஒரு துப்பாக்கிப் போட்டி. நண்பர் சுட்டபோது, குழலிலிருந்து சீறிய காற்றில் எதிரே இருந்த நாணல் புற்கள் சாய்ந்து நிமிர்ந்தன. எத்தனையோ பேர் பலமுறை பார்த்த காட்சிதான். பிரவுனிங் அதில் ஒரு கணக்கைப் பார்த்தார். இவ்வளவு சக்தி வீணாகப் போகிறதே, இதை ஏன் வேலை வாங்கக் கூடாது?

வீட்டுக்குப் போனவர், ஓட்டை போட்ட ஓர் இரும்புத் துண்டைக் குழலுக்கு முன்னால் பொருத்திச் சுட்டுப் பார்த்தார். தோட்டா ஓட்டை வழியே போனது. இரும்புத் துண்டைக் காற்று தூக்கி எறிந்தது. ஒவ்வொரு முறையும் கையால் இயக்காமல், வெடிப்பின் சக்தியாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளை நோக்கிய அவரது பயணம் இங்கேதான் தொடங்குகிறது.

சின்னத் துப்பாக்கி ஏன் அதிகம் உதைக்கிறது?

தோட்டா முன்னால் பாயும்போது, அதற்குச் சமமான விசை துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. இதைத்தான் பின்னுதைப்பு என்கிறோம். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்த உதையில் பெரும்பங்கை அதன் எடையே வாங்கிக்கொள்ளும். எடை குறையக் குறைய உதை நேராகக் கைக்கு வரும்.

அதனால்தான் பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் புலம்பல் நூறாண்டுகளாக ஒரே மாதிரி இருக்கிறது. சுமக்கச் சுகம், சுடக் கஷ்டம். பிடி சிறியது, சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே குறி விலகிவிடும்.

இன்னொரு சிக்கல் நம்பகத்தன்மை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். தானியங்கிப் பிஸ்டலில் அப்படியில்லை. காலி உறை வெளியே விழ வேண்டும், ஸ்லைடு பின்னால் போய்த் திரும்ப வேண்டும், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏற வேண்டும். இதில் எது தடுக்கினாலும் துப்பாக்கி ஜாம். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துப் பிடித்தாலே போதும். துப்பாக்கி முழுவதும் சேர்ந்து பின்னால் நகர்ந்துவிடும், ஸ்லைடு தன் முழுத் தூரம் போகாமல் பாதியில் நின்றுவிடும்.

அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் பலர் பிஸ்டலை நம்பாமல் ரிவால்வரையே பிடித்துக்கொண்டிருந்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டு வழிகள்

பிரவுனிங் இதற்கு இரண்டு விடைகளைக் கொடுத்தார்.

சிறிய தோட்டாவுக்கு எளிய வழி. குழல் அசையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே அறையை அடைத்து நிற்கும். கனமான அந்த ஸ்லைடு மெதுவாகவே நகரத் தொடங்குவதால், அது பின்னால் போய் அறையைத் திறப்பதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்துவிடும். பாகங்கள் குறைவு, அதனால் பழுதும் குறைவு.

பெரிய தோட்டாவுக்கு இது தாங்காது. அதற்குக் குழலையும் ஸ்லைடையும் ஒன்றாகப் பூட்டினார். சுட்டவுடன் இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும். பிறகு குழல் கீழே இறங்கிப் பூட்டு விடுபடும், ஸ்லைடு மட்டும் தன் வழியில் போகும். அந்தச் சிறு தாமதத்துக்குள் ஆபத்தான அழுத்தம் அடங்கிவிடும். இன்று உலகில் தயாராகும் 9 மி.மீ. பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்தான்.

1897-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அவரோடு கைகோத்தது. ராணுவ ரைஃபிள் தயாரிக்கத் தொடங்கப்பட்டு, வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்த தொழிற்சாலை அது. முதலாவதாக வந்த 1900 மாடலும் அதற்கென்றே அவர் உருவாக்கிய 7.65 மி.மீ. தோட்டாவும் ஐரோப்பாவையே பிடித்துக்கொண்டன. 1906-ல் வந்த சட்டைப்பை மாடலின் நீளம் சுமார் 11 செ.மீ., எடை சுமார் 350 கிராம். உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனைவிட நீளம் குறைவு, எடையில் ஏறத்தாழ இரண்டு போன். முதல் உலகப்போருக்கு முன்பே எஃப்.என். தயாரித்த பிரவுனிங் பிஸ்டல்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. பிரெஞ்சு மொழியில் ‘பிரவுனிங்’ என்றாலே பிஸ்டல் என்றாகிவிட்டது.

6,000 தோட்டாக்கள், ஒரு தடங்கலும் இல்லை

இதற்கிடையே 1902-ல் வின்செஸ்டருடன் உறவு முறிந்தது. தானாகத் தோட்டா ஏற்றும் வேட்டைத் துப்பாக்கிக்கு மொத்தப் பணம் வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று பிரவுனிங் கேட்டார். நிறுவனம் மறுத்தது. அடுத்து ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கப் போனார். அவருக்காகக் காத்திருந்தபோதே அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற தகவல்தான் வந்தது. கப்பலேறி பெல்ஜியம் போனார்.

அமெரிக்க ராணுவத்துக்கு அப்போது வேறொரு கவலை. பிலிப்பைன்ஸ் சண்டையில் அவர்களின் சிறிய ரிவால்வர் தோட்டா எதிரியை நிறுத்தவில்லை. பெரிய தோட்டாவும் வேண்டும், கைக்கு அடங்கும் உதையும் வேண்டும், எந்த நிலையிலும் சிக்கக் கூடாது. 1911 மார்ச்சில் கடைசிச் சோதனை நடந்தது. இரண்டு நாளில் 6,000 தோட்டாக்கள். குழல் கொதித்தால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுடுவார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடங்கியது. கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடத் தடங்கவில்லை. மார்ச் 29-ல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த எம்1911, 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வப் பிஸ்டலாக இருந்தது.

மணியாச்சிச் சம்பவம் நடந்தது அதே ஆண்டு, மூன்று மாதத்துக்குள்.

யார் கையில்?

ஒரு பொருள் நம்பகமானது என்று பெயரெடுத்துவிட்டால், அதை யார் தேடி வருவார்கள் என்பதை உருவாக்கியவர் தீர்மானிக்க முடியாது. சட்டைக்குள் மறையும் அளவு, உறுதியாக வெடிக்கும் என்ற நம்பிக்கை. போலீஸ்காரருக்குப் பிடித்த இந்த இரண்டும்தான் ரகசிய இயக்கங்களுக்கும் தேவைப்பட்டன.

1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங் பிஸ்டல்களை ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பினார் என்பது வழக்கு. அவற்றில் ஒன்றால் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹரே சுட்டார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது.

1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கொன்றது 1910 மாடல் பிரவுனிங். இரண்டு குண்டுகள், இரண்டு உயிர்கள். அதைத் தொடர்ந்து மூண்ட உலகப்போருக்கு அமெரிக்கா போனபோது, அதன் இயந்திரத் துப்பாக்கியையும் பிரவுனிங்தான் வடிவமைத்தார். சோதனையில் அது 48 நிமிடங்களுக்கு மேல் இடைவிடாமல் சுட்டது. தனக்கு வரவேண்டிய பெரும் பங்குத்தொகையை விட்டுக்கொடுத்து, மிகக் குறைந்த தொகைக்கு அரசிடம் உரிமையைக் கொடுத்தார்.

பட்டறையிலேயே முடிந்த வாழ்க்கை

கடைசியாக அவர் கை வைத்தது, அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் ஒரு 9 மி.மீ. பிஸ்டல். அது முடிவதற்குள், 1926 நவம்பர் 26-ல் பெல்ஜியத்தின் லியேஜ் அருகே எஃப்.என். தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோது இதயம் நின்றது. வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள். மீதி வேலையை அந்த நிறுவனத்தின் பொறியாளர் தியுதோனே சைவ் முடித்தார். 13 தோட்டா கொள்ளும் ‘ஹை பவர்’ 1935-ல் வெளிவந்தது. அதன் இந்திய வடிவம்தான் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாரான 9 மி.மீ. பிஸ்டல்.

சரி, சாதாரண ஆள் இதை வாங்கலாமா? முடியாது. 9 மி.மீ. இந்தியாவில் தனிநபருக்குத் தடை செய்யப்பட்ட வகை. ஆயுத உரிமம் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரகம். அதில் பிஸ்டலாக இருந்தால், அதற்குள் போகும் தோட்டா எஃப்.என்.னின் முதல் பிஸ்டலுக்காக பிரவுனிங் உருவாக்கிய அதே 7.65 மி.மீ. தோட்டாதான். அதைச் சுடும் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

மணியாச்சி நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் போகும் ரயில்கள் பிரியும் அந்தச் சந்திப்பில், ஆக்டன் பட்டறைக்காரரின் பிஸ்டல் ஒரே காலையில் எதிரெதிர் அணிகளில் இருந்த இருவரின் உயிரையும் எடுத்தது. இரண்டு முறையும் அது சிக்கவில்லை.