குண்டைத் தேடிய கிரகாம் பெல்

மாலை வேளையில் பூங்காவிலோ கடற்கரையிலோ சிலர் ஒரு கருவியை ஏந்தியபடி மெதுவாக நடப்பதைக் காணலாம். நீண்ட பிடியின் நுனியில் வட்டமான தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவர்கள் அந்தத் தட்டைப் புல்லுக்குச் சற்று மேலே இடமும் வலமும் அசைத்துக்கொண்டே செல்வார்கள். காதொலிப்பானில் ஒலி கேட்டதும் நின்று, குனிந்து, மண்ணைக் கிளறுவார்கள். பழைய நாணயம் கிடைக்கலாம். யாரோ தொலைத்த மோதிரம் கிடைக்கலாம். பெரும்பாலும் பானக் குவளையின் மூடிதான் கிடைக்கும். அந்தக் கருவிக்கு உலோகம் கண்டறியும் கருவி என்று பெயர். இன்று பலருக்கு அது பொழுதுபோக்குக் கருவி. ஆனால், அதன் தொடக்கக் கால வடிவங்களுள் ஒன்று ஒரு மனித உயிரைக் காப்பாற்றுவதற்காக அவசர அவசரமாக உருவாக்கப்பட்டது. அதை உருவாக்கியவர், தொலைபேசியைக் கண்டுபிடித்தவராக உலகம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பேச்சுக்கலை ஆசிரியர். பேசும்போது நாக்கும் உதடும் எவ்வாறு அசைகின்றன என்பதைக் குறியீடுகளால் எழுதிக்காட்டும் முறை ஒன்றை அவர் வகுத்திருந்தார். பெல்லின் தாயாருக்குக் காது சரிவரக் கேட்காது. மற்றவர்கள் அவரிடம் ஊதுகுழல் போன்ற கேட்புக் கருவியின் வழியாக உரக்கப் பேசுவார்கள். சிறுவன் பெல்லோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். குரலின் அதிர்வைத் தாயார் உணர்ந்து புரிந்துகொள்வார். ஒலி என்பது காதுக்கு மட்டும் உரியதன்று, அது ஓர் அதிர்வு என்பதைப் பெல் இளமையிலேயே தம் வீட்டில் கற்றுக்கொண்டார்.

அவருக்குப் பிறருடைய சிக்கலைத் தீர்த்துவைக்கும் ஆர்வமும் இளமையிலேயே இருந்தது. நண்பனின் குடும்பத்துக்குச் சொந்தமான மாவு ஆலையில் கோதுமையின் உமியை நீக்குவது கடினமான வேலையாக இருந்தது. பன்னிரண்டு வயதான பெல், சுழலும் துடுப்புகளையும் ஆணித் தூரிகைகளையும் இணைத்து ஒரு பொறியைச் செய்து கொடுத்தார். அந்த ஆலையில் அது பல ஆண்டுகள் பயன்பட்டது.

பெல்லின் இளமையில் துயரமும் சூழ்ந்தது. அவருடைய தம்பியும் பின்னர் அண்ணனும் காசநோயால் இறந்தார்கள். எஞ்சியிருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று கருதிய பெற்றோர், 1870ஆம் ஆண்டு குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, காது கேளாத மாணவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பணியில் சேர்ந்தார். அவரிடம் பாடம் கற்றவர்களுள் ஒருவர் மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த அவரையே பெல் 1877ஆம் ஆண்டு மணந்துகொண்டார்.

பகலில் கற்பிப்பதும் இரவில் ஆய்வு செய்வதுமாகப் பெல்லின் நாள்கள் கழிந்தன. 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் தொலைபேசிக்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, கம்பியின் ஒரு முனையிலிருந்து அவர் தம் உதவியாளர் வாட்சனை அழைக்க, மறுமுனையில் அந்தச் சொற்கள் தெளிவாகக் கேட்டன. அப்போது பெல்லுக்கு வயது 29.

தொலைபேசி பரவத் தொடங்கியதும் புதிய தொல்லை ஒன்று தோன்றியது. தந்திக் கம்பிகளுக்கு அருகே செல்லும் தொலைபேசிக் கம்பிகளில் தேவையற்ற இரைச்சல் கேட்டது. ஒரு கம்பியில் மாறிக்கொண்டே பாயும் மின்னோட்டம், பக்கத்துக் கம்பியிலும் மின்னோட்டத்தைத் தூண்டியதே அதற்குக் காரணம். இதனைத் தூண்டல் என்பர். இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது பெல் இந்த இரைச்சலை அடக்க வழி தேடினார். கம்பிச் சுருள்களைக் குறிப்பிட்ட முறையில் அமைத்தால் ஒன்றின் விளைவை மற்றொன்று நீக்கி ஒலி அடங்குவதைக் கண்டார். அவ்வாறு ஒலி அடங்கிய நிலையில் உலோகத் துண்டு ஒன்றை அருகே கொண்டுசென்றால் மீண்டும் ஒலி எழுந்தது. பெல் அதை மனத்தில் குறித்துக்கொண்டார். அந்தச் சிறு கவனிப்புக்குத் தேவை வரும் நாள் தொலைவில் இல்லை.

1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டன் நகர இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். அவர் பதவியேற்று நான்கு மாதம்கூட நிறைவடையவில்லை. பதவி கிடைக்காத ஆத்திரத்தில் இருந்த ஒருவன் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிச் சென்றது. மற்றொன்று முதுகில் பாய்ந்து உடலுக்குள் தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிர்கள் அப்போது கண்டறியப்படவில்லை. அதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கைவிரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் தேடினர். கைகளையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று ஐரோப்பாவில் மருத்துவர் லிஸ்டர் ஏற்கெனவே வலியுறுத்தியிருந்தும், அமெரிக்க மருத்துவர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. தேடத் தேடக் காயம் மோசமானது.

செய்தியறிந்த பெல், வலியில்லாமல் குண்டைக் கண்டறிய முடியும் என்று எண்ணினார். கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு சிறிய பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு வாஷிங்டனுக்கு விரைந்தார். அங்கிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் டெய்ன்டருடன் சேர்ந்து இரவு பகலாக உழைத்தார்.

அவர்கள் செய்த கருவியின் அடிப்படை எளிமையானது. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருந்தன. முதல் சுருளில் மின்கலத்தின் மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும். அதனால் சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் இரண்டாம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். இரண்டாம் சுருளுடன் இணைத்த தொலைபேசியைக் காதில் வைத்தால் ரீங்காரம் கேட்கும். ஒரு சுருளின் மேல் மற்றொன்று ஓரளவு படியும்படி நகர்த்திக்கொண்டே வந்தால், குறிப்பிட்ட ஓரிடத்தில் அந்த ஒலி அடங்கிவிடும். அதுவே சமநிலை. உலோகம் அருகே வந்தால் சமநிலை குலைந்து, தொலைபேசி மீண்டும் ஒலிக்கும்.

கொள்கை எளிமையாக இருந்தாலும் செயல் எளிதாக இல்லை. குண்டு ஈயத்தால் ஆனது, சிறியது, உடலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது. சுருளின் அளவையும் கம்பியின் பருமனையும் மின்கலங்களின் எண்ணிக்கையையும் பெல் மாற்றி மாற்றிப் பார்த்தார். இறைச்சித் துண்டுக்குள் குண்டை மறைத்துவைத்துச் சோதித்தார். உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு, பல ஆண்டுகளாகக் குண்டை உடலில் சுமந்து வாழ்ந்த முன்னாள் வீரர்களிடமும் சோதனை செய்தார். கருவி வேலை செய்தது.

ஜூலை 26ஆம் நாள் மாலை பெல் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். படுக்கையில் அதிபர் மெலிந்து, வெளிறிப்போய்க் கிடந்தார். அந்தக் காட்சி பெல்லின் மனத்தை உருக்கியது. ஆனால், கருவியைச் செயல்படுத்தியதும் தெளிவற்ற இரைச்சலே கேட்டது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக இயங்கிய கருவி அங்கே காலைவாரியது. திரும்பிச் சென்று ஆராய்ந்தபோது, அவசரத்தில் ஒரு பகுதி தவறாக இணைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தவறு தம்முடையது என்பதை ஒப்புக்கொண்ட பெல், அதனைச் சரிசெய்து மீண்டும் முயல ஆயத்தமானார்.

ஆகஸ்ட் 1ஆம் நாள் இரண்டாம் சோதனை நடந்தது. இம்முறை மெல்லிய ஒலி கேட்டது. ஆனால், அது ஒரு புள்ளியில் கேட்காமல் பரந்த இடம் முழுவதும் கேட்டது. குண்டு உடலின் வலப்பக்கத்தில் இருப்பதாகத் தலைமை மருத்துவர் முன்பே முடிவு செய்திருந்தார். வலப்பக்கத்தில் ஒலி கேட்டதால் தம் முடிவு உறுதியானதாக அவர் கருதினார். பெல்லுக்கோ மனநிறைவு ஏற்படவில்லை. படுக்கைக்கு அருகில் வேறு உலோகம் ஏதும் இருந்ததா என்று மறுநாள் விசாரித்தார். அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன மற்றொரு மெத்தை இருந்ததை அப்போதுதான் அறிந்தார்.

பெல் கருவியை மேலும் மேம்படுத்தும் முயற்சியைக் கைவிடவில்லை. இதற்கிடையில் அவருடைய சொந்த வாழ்வில் பேரிடி விழுந்தது. ஆகஸ்ட் 15ஆம் நாள் மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எட்வர்ட் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை மூச்சுவிடத் திணறி, அன்றே இறந்துவிட்டது. மற்றொருவரின் உயிரைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தவரால் தம் மகனின் உயிரைக் காக்க இயலவில்லை.

செப்டம்பர் 19ஆம் நாள், சுடப்பட்ட 79ஆவது நாளில், அதிபர் கார்ஃபீல்ட் காலமானார். உடற்கூறு ஆய்வில் குண்டு உடலின் இடப்பக்கத்தில் ஆழமாகப் புதைந்திருப்பது தெரியவந்தது. பெல்லின் கருவி வலப்பக்கத்தில்தான் தேடியிருந்தது. குண்டைச் சுற்றி ஏற்கெனவே திசு வளர்ந்து மூடியிருந்தது. அதிபரின் உயிரைப் பறித்ததில் குண்டைவிட, தூய்மையற்ற கைகளாலும் கருவிகளாலும் ஏற்பட்ட தொற்றுக்கே பெரும் பங்கு உண்டு என்று பிற்கால மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர்.

ஊரார் பலர் பெல்லின் முயற்சி தோற்றுவிட்டது என்றே பேசினர். பெல் அதற்காகச் சினங்கொள்ளவும் இல்லை. ஆய்வைக் கிடப்பில் போடவும் இல்லை. அடுத்த ஆண்டு அறிவியலாளர்களின் கூட்டத்தில் தம் சோதனைகள் அனைத்தையும் விளக்கிக் கட்டுரை படைத்தார். வெற்றியை மட்டுமன்றி, எங்கெங்கே தவறு நேர்ந்தது என்பதையும் அதில் விரிவாக எடுத்துரைத்தார். தொலைபேசியோடு இணைத்த ஊசி ஒன்றையும் அவர் வடிவமைத்தார். அந்த ஊசி உடலுக்குள் குண்டைத் தொட்டவுடன் தொலைபேசியில் ஒலி எழும். எக்ஸ் கதிர்கள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரும்வரை, காயமுற்ற பலருக்கு அது உதவியது. தம் குழந்தையின் இறப்பும் அவரைச் சிந்திக்க வைத்தது. மூச்சுவிட இயலாதவரின் மார்பைச் சுற்றிப் பொருத்திக் காற்றழுத்தத்தால் சுவாசிக்கச் செய்யும் கவசம் ஒன்றை அவர் உருவாக்கினார். பிற்காலத்தில் வந்த செயற்கைச் சுவாசக் கருவிகளுக்கு அது ஒரு முன்னோடி.

பெல் 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் கனடாவில் காலமானார். அவரை அடக்கம் செய்த வேளையில் வட அமெரிக்காவின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

உலோகம் கண்டறியும் கருவியைப் பின்வந்தவர்கள் மேலும் மேம்படுத்தினர். இரண்டாம் உலகப் போரில் போலந்து இராணுவ அதிகாரி கோசாட்ஸ்கி, கையில் ஏந்திச் செல்லக்கூடிய கண்ணிவெடி கண்டறியும் கருவியை வடிவமைத்தார். 1942ஆம் ஆண்டு எகிப்தின் எல் அலமேன் போர்க்களத்தில் அது பல வீரர்களின் உயிரைக் காத்தது. இன்று விமான நிலையங்களிலும் தொல்பொருள் ஆய்வுக் களங்களிலும் இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன.

பூங்காவில் பொழுதுபோக்காகத் தேடுவோரும் பெல் எதிர்கொண்ட அதே கேள்விகளையே எதிர்கொள்கின்றனர். பெரிய சுருள் ஆழத்தில் உள்ள பொருளையும் உணரும். ஆனால், அருகருகே கிடக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டாது. சிறிய சுருள் அதிக ஆழத்துக்கு எட்டாது. ஆனால், குப்பைகளுக்கு இடையே கிடக்கும் நாணயத்தையும் தனித்துக் காட்டும். விளையாட்டுத் திடலில் ஊஞ்சலின் இரும்புத் தூணுக்கு அருகே சென்றால், தூணின் உலோகமே ஒலியெழுப்பிக் குழப்பும். அனுபவசாலிகள் அங்கே சிறிய சுருளை மாட்டிக்கொண்டு, தூணைவிட்டுச் சற்று விலகித் தேடுவார்கள். அதிபரின் படுக்கைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகளைப் பற்றிப் பெல் கொண்ட ஐயமும் இத்தகையதே. இரண்டு சுருள்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியும் அமைப்பும் இன்றைய கருவிகள் பலவற்றில் தொடர்கிறது.

உரிய அனுமதி பெற்றுத் தேடுவதும், தோண்டிய குழியை மூடிவிட்டுச் செல்வதும் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோரின் கடமையாகும். அவர்களின் காதில் ஒலிக்கும் மெல்லிய ஓசைக்குப் பின்னால், ஓர் உயிரைக் காக்க உறக்கமின்றி உழைத்த மனிதரின் வரலாறு இருக்கிறது. பெல் தேடிய குண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், தவறிய இடத்தை மறைக்காமல் அவர் எழுதிவைத்த குறிப்புகள் பின்வந்தவர்களுக்குக் கிடைத்தன.