புரவலரைத் தேடிய பாரதி

1882இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியனுக்கு 11 வயதிலேயே 'பாரதி' பட்டம் கிடைத்தது. பின்னர் அரண்மனையில் வேலையும் கிடைத்தது. மன்னரை மகிழ்விக்கும் வாழ்வு பிடிக்காமல் 1904இல் விலகினார். மதுரையில் ஆசிரியரானார், அதே ஆண்டு 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் தஞ்சம். 1919இல், தாம் விலகி வந்த அதே எட்டயபுர அரண்மனைக்குச் சீட்டுக்கவி எழுத வைத்தது வறுமை. உதவி வரவில்லை. 1920இல் தம் எழுத்துகளை 40 தொகுதிகளாக அச்சிட அன்பர்களிடம் கடன் கேட்டார். அதுவும் கைகூடவில்லை. 1921இல், 38 வயதில் மறைந்தார்.

1949இல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 28 ஆண்டுகள் தாமதம்! மன்னர் தந்தாலும் அரசு தந்தாலும், உதவி என்பது கலைஞர் வாழும்போதே, அவர் பேனாவுக்கு விலை பேசாமல் வரவேண்டும். அதுவரை, நம்மிடையே எழுதுபவரின் நூலை இலவசமாகக் கேட்காமல் காசு கொடுத்து வாங்குவோமே, நண்பர்களே!